ஐந்தாவது ஆட்டக்காரி

ஜூன் 19

கல்லூரி திறந்த மூன்றாம் நாளே முதல்வர் மங்கையர்க்கரசி கூப்பிட்டு அனுப்பினார். போன வருடம் நான் எழுதிக் கொடுத்த விளையாட்டுத் துறை அறிக்கை அவர் மேசையில் கிடந்தது. ‘பங்கேற்றனர்’ என்று வந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையில் கோடு. எண்ணினேன், எட்டு.

“சுடர் மேடம், எட்டு கேம்லயும் பங்கேற்றோம்னா என்ன அர்த்தம்? எட்டுலயும் தோத்தோம்னு அர்த்தம். இந்தத் தடவ நடக்க நடக்க எழுதி வைங்க. நவம்பர் கடைசில சீசன் முழுக்க அலசி ஒரு ரிப்போர்ட் தாங்க. ஆண்டு மலர்ல போடணும்.”

எழுதி வைக்கிறேன். நன்றாகவே எழுதி வைக்கிறேன். பந்து இருப்புப் பதிவேட்டில் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம். புதுப் பந்து வந்தால்தானே நிரம்பும். அறிக்கைக்கு ஆவதைக் கடைசியில் பொறுக்கிக்கொள்ளலாம், மற்றதை யார் பார்க்கப்போகிறார்கள்.

பதிவேடு என்றால் பதிவேட்டுக்கு உரிய ஒழுங்கு வேண்டும். அழித்து எழுதக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோட்டில் அடித்து, மேலே சரியானதை எழுதி, தேதி போட்டுச் சிற்றொப்பம் இட வேண்டும். உடற்கல்வி இயக்குநராக இந்தக் கல்லூரியில் இருபத்தொன்பது வருடம். என் பதிவேடுகளில் ஓர் அடித்தல் கிடையாது.

ஜூன் 24

கபடிக்கென்று தனியாக ஒரு பயிற்சியாளரைத் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். பெயர் பெனிட்டா, நாசரேத்துப் பெண், வயது இருபத்தாறு. கழுத்தில் விசில், கையில் இன்னொரு விசில். எத்தனை வாய் இருக்கிறதோ தெரியவில்லை.

என் அறைக்கு வந்து சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தாள். பல்கலைக்கழகப் பூப்பந்து அணியில் நான் இருந்தபோது எடுத்தது. “பூப்பந்தா மேடம்? இன்னும் ஆடுதாங்களா அத?” என்றாள்.

ஆடுகிறார்கள் என்றேன். மஞ்சள் கம்பளிப் பந்து, ஐந்து பேர், ஐந்து மட்டை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளை இழுக்கிற வேலை இல்லை என்றேன். சிரித்தாள். பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த கதை.

ஜூலை 3

சாரல் விடவில்லை. காலையில் குடையோடு மைதானத்துக்குப் போனால் என் பூப்பந்துக் கம்பங்கள் இரண்டும் பிடுங்கப்பட்டுக் கழிவறைச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. களம் முழுக்கக் கொத்திச் செம்மண் கொட்டியிருக்கிறது. கடைநிலை ஊழியர் வேலுத்தாய் பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்கிறாள்.

“யார் சொன்னா?”

“பிரின்சிபலம்மாதான் சொன்னாவ. கபடிக்குத் தண்ணி நிக்காத எடம் இது ஒண்ணுதானாம். ஒங்ககிட்டச் சொல்லியாச்சுன்னுல்லா நெனச்சேன். சொல்லலியா?”

சொல்லவில்லை. கம்பங்களைக் கழிவறைக்குப் பின்னால் உள்ள மேட்டில் நட வைத்தேன். அங்கே மதியத்துக்கு மேல் நாற்றம் தாங்காது. எனக்கென்ன, ஆடப்போவது நானா.

ஜூலை 11

உலகம்மாள் இன்று என் மேசையில் மட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்றாம் ஆண்டு வரலாறு, இடது கைக்காரி. முதல் வருடம் வந்தபோது நேராகப் பந்தைத் தட்டத் தெரியாது. அவளுக்கு என்னுடைய சொந்த மட்டையைக் கொடுத்திருந்தேன், நான் பல்கலைக்கழகத்துக்கு ஆடியது.

“பெனிட்டா மிஸ் ரெய்டு எடுக்கச் சொல்லுதாங்க மேடம். எனக்கும் அதான் நல்லா வருது.”

வைத்துவிட்டுப் போ என்றேன். மட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. பொருள் திரும்ப வந்தது, அவ்வளவுதான். பதிவேட்டில் குறித்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 8

பயிற்சிக்கு வந்தவர்கள் நான்கு பேர். போன வருடம் ஏழு, அதற்கு முந்தைய வருடம் பதினொன்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிக்கொண்டிருக்கிறது. ஐந்து பேர் இல்லாமல் களத்தில் இறங்கவே முடியாது. எனக்கு வரும் மே மாதம் ஓய்வு. இந்தப் பருவத்தில் மண்டலப் போட்டியில் அணி இறக்காமல் போனால், அடுத்த வருடம் இந்தக் கல்லூரியில் பூப்பந்து என்று ஒரு விளையாட்டு இருந்ததை யாரும் நினைக்கப்போவதில்லை.

அந்தப் பக்கம் செம்மண்ணில் பதினெட்டுப் பெண்கள் கத்திக்கொண்டு உருள்கிறார்கள். பெனிட்டாவின் விசில் என் அறைக்குள் வந்து அடிக்கிறது.

ஆகஸ்ட் 22

மண்டலப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப இன்று கடைசி நாள். நான்கு பேரை எழுதினேன். ஐந்தாவது இடத்தில் உலகம்மாள் பெயரை எழுதி, முத்திரை வைத்து அனுப்பிவிட்டேன். ஒருத்தி இரண்டு விளையாட்டில் இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

ஆகஸ்ட் 23

வேலுத்தாய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். உலகம்மாள் வந்து நின்றாள்.

“எம் பேர ஏன் மேடம் கேக்காமப் போட்டீங்க?”

“ஆள் இல்லை.”

“கேட்டிருந்தா வந்திருப்பனே.”

கேட்டிருந்தாலாம். இருபத்தொன்பது வருடம் சர்வீஸ் போட்டவள் இவளிடம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமாம். போய் வேலையைப் பார் என்றேன்.

செப்டம்பர் 19

மழையால் பூப்பந்துப் போட்டி தள்ளிப்போய்விட்டது. 18ஆம் தேதி நடக்க வேண்டியது இனி 25. கபடியும் 25, 26. இரண்டும் சங்கரன்கோவிலில், ஆனால் வேறு வேறு மைதானம். முதல்வரிடம் போய்ச் சொன்னேன். “நீங்களும் பெனிட்டாவும் பேசித் தீர்த்துக்குங்க” என்று கோப்பைத் திறந்துகொண்டார். நாங்கள் பேசினால் தீருமா.

செப்டம்பர் 24

உலகம்மாள் தானே வந்தாள். “மேடம், கபடில எங்களுக்கு மொத மேட்ச் ஒம்பது மணிக்கு. பத்தேகாலுக்குள்ள முடிஞ்சிரும். அடுத்தது மத்தியானம்தான். நடுவுல ஒங்களுக்கு வந்து ஆடிருதேன். ஒரே ரோடுதான, ஓடியாந்துருதேன்.”

“இரண்டு தோணியில் கால் வைக்கிறவள் கரை சேர மாட்டாள்.”

“நீங்க கொஞ்சம் நேரம் வாங்கி வைங்க மேடம். அது போதும்.”

பார்ப்போம் என்றேன். மட்டை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 25

அறிக்கைக்கான குறிப்பு: பூப்பந்து, முதல் சுற்று, எதிரணிக்கு வாக்கோவர் (ஆடாமலே வெற்றி).

நடந்தது இதுதான். 10.15க்கு அணி களத்தில் நிற்க வேண்டும். நான்கு பேர் நின்றார்கள். எதிரணியில் எட்டுப் பேர், புதுச் சீருடை. சுற்றிலும் மற்றக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். “என்ன சுடர்க்கொடி, அஞ்சாவது ஆள மாவட்டம் பூரா தேடுதியளா?” என்று ஒருத்தர் கேட்க எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய அணி போன வருடம் ஒற்றை இலக்கத்தில் தோற்றது. அதை யாரும் சொல்லவில்லை.

நடுவர் நல்ல மனிதர். “10.45 வரைக்கும் அவகாசம் இருக்கு மேடம், கேட்டு எழுதிக் குடுங்க, வெயிட் பண்ணுதோம்” என்றார். வேண்டாம் என்றேன். இருபத்தொன்பது வருடத்தில் யாரிடமும் அவகாசம் கேட்டு நின்றதில்லை. வாக்கோவர் தாளில் 10.25க்குக் கையெழுத்துப் போட்டேன். எப்படியும் தோற்றிருப்போம். அந்த அணி அப்படிப்பட்ட அணி.

10.35க்கு வேன் கிளம்பியது. கிளம்பும்போது யாரோ கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “நிறுத்தட்டுமா?” என்றார். வேண்டாம், போங்கள் என்றேன். பின்னால் பிள்ளைகளில் ஒருத்தி “மேடம்” என்றாள். உட்கார் என்றேன்.

தலைவலி. மாத்திரை போட்டேன்.

செப்டம்பர் 26

கபடி மண்டல முதலிடம். கல்லூரி வரலாற்றில் முதல் தடவை. இறுதி ஆட்டத்தில் உலகம்மாளுக்கு மட்டும் பதினாறு புள்ளியாம். வேலுத்தாய் எல்லா அறைக்கும் மிட்டாய் கொண்டு போனாள். எனக்கும் ஒன்று வைத்தாள். மேசையில் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது.

செப்டம்பர் 30

வாசலில் பத்தடி பிளக்ஸ். நடுவில் பெனிட்டா, பக்கத்தில் கோப்பையோடு உலகம்மாள், மேலே செயலர், முதல்வர். கீழ் மூலையில் தபால்தலை அளவில் நான், என் படத்தின் மேல் அச்சகத்தின் தொலைபேசி எண். ஆடத் தெரியாதவர்கள்தான் கூடம் கோணல் என்பார்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றுதான் முதல்வரிடம் சொன்னேன்.

என்னுடைய நாலு பேரும் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். தேர்வு நெருங்குகிறதாம். தேர்வு நவம்பரில்.

அக்டோபர் 7

கபடிக்காரிகளின் ஓ.டி. படிவங்கள் வந்தன. போட்டிக்குப் போன நாட்களையும் பயிற்சி முகாம் நாட்களையும் வருகையாகக் கணக்கிடுவதற்கான படிவம் இது. ஆளுக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. பெனிட்டா தற்காலிகம் என்பதால் அவள் கையெழுத்து செல்லாது, நான்தான் போட வேண்டும். பத்தடி பிளக்ஸில் நின்றாலும் காகிதம் என்று வந்தால் என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

பதினொன்றில் போட்டேன். உலகம்மாளுடையதில் ஒரு சிக்கல். 25ஆம் தேதி அவள் பெயர் பூப்பந்துப் பட்டியலில் இருக்கிறது. பூப்பந்துக் களத்துக்கு அவள் வரவில்லை. வராதவளுக்கு அன்றைய வருகையை நான் எப்படிச் சான்றளிப்பது? விதிப்படி யோசிக்க வேண்டிய விஷயம். இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 21

பெனிட்டா வந்தாள். இந்தத் தடவை கழுத்தில் ஒரு விசில்தான்.

“மேடம், உலகு ஃபார்ம் மட்டும் ஆஃபீஸ்க்கு வரலையாம். முகாம் நாளும் சேத்து ஏழு நாள் இருக்கு அவளுக்கு. அது ஏறலன்னா எழுபத்தஞ்சு பெர்சென்ட் வராது. எக்ஸாம் எழுத விட மாட்டாங்க. பல்கலைக்கழக டீம் கேம்ப்புக்கும் அவ பேர் வந்திருக்கு, அதுவும் போயிரும். முப்பத்தொண்ணுதான் கடைசி.”

“பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

“எம்மேல கோவம்னா என்கிட்டக் காட்டுங்க மேடம்.”

உன் மேல் கோபப்படும் அளவுக்கு நீ ஆளில்லை என்றேன். பெனிட்டா முகம் சிவந்து போனதைப் பார்க்க எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. எழுதி வைக்கச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

அக்டோபர் 31

மட்டைகளுக்கு எண்ணெய் போட்டேன். வலையை வெயிலில் காய வைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 5

வருகைப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். உலகம்மாள் 68.4. பெயருக்கு நேரே ‘தேர்வு எழுதத் தகுதியில்லை’.

நவம்பர் 6

இன்று வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, கதவை ஒட்டி நின்றாள்.

“கையெழுத்து போட மாட்டீங்கன்னா அன்னைக்கே சொல்லிருக்கலாம் மேடம். நான் வேற வழி பாத்திருப்பேன்.”

“விதி என்று ஒன்று இருக்கிறது. உன் பெயர் பூப்பந்தில் இருந்தது. நீ வரவில்லை.”

“நான் வரலியா?” என்றாள்.

“வரவில்லை.”

“சரி மேடம். நீங்க சொன்னா சரிதான். எங்கம்மா பீடி சுத்தி இந்த மூணு வருசம்தான் படிக்க வைப்பேன்னு சொன்னாவ, நாலாவது வருசம் கெடையாது. அதையும் எழுதி வச்சுக்கங்க, நீங்கதான் எல்லாத்தையும் எழுதுதீங்களே.”

வேலுத்தாய் சொல்லியிருப்பாள், இந்தப் பதிவேட்டைப் பற்றி. திமிர் பிடித்தவள். கதவைச் சாத்தாமல் போனாள்.

நவம்பர் 8

அறிக்கையோடு இணைக்க வாக்கோவர் தாளின் நகல் கேட்டு எழுதியிருந்தேன். போட்டி நடத்திய கல்லூரியிலிருந்து இன்று வந்தது. கூடவே, கேட்காமலே, அன்றைய வருகைப் பதிவேட்டின் நகலையும் வைத்திருக்கிறார்கள். தாமதமாக வரும் ஆட்டக்காரியும் பெயர், நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம்.

எங்கள் கல்லூரிக்கு நேரே நான்கு பெயர். அதற்குக் கீழே ஐந்தாவது: உலகம்மாள், 10.40. இடது பக்கம் சாய்ந்த கையெழுத்து. ஓரத்தில் நடுவரின் குறிப்பு: ‘இரவல் மட்டையுடன் வந்தார். அணி சென்றுவிட்டது. 10.45 வரை நின்றார்.’

நகலைக் கோப்பில் வைத்தேன். பிறகு எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

நவம்பர் 11

முதல்வர் கூப்பிட்டார். பெனிட்டா போய்ச் சொல்லியிருக்கிறாள்.

“14ஆம் தேதி வரைக்கும் லேட்டா வந்த ஓ.டி.ய ஏத்துக்கலாம்னு பல்கலைக்கழகத்துல சொல்லுதாங்க. ஆனா தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. சான்றளிக்கிற அலுவலர்தான் எழுதணும். நீங்க எழுதுங்க சுடர் மேடம்.”

“மாணவி தாமதமாகக் கொடுத்தாள் என்று எழுதட்டுமா?”

“அக்டோபர் ஏழுன்னு ஒங்க ஆஃபீஸ் சீல் அதுல இருக்கே.”

இருக்கிறது. நான்தான் குத்தினேன். என் ஒழுங்கு என்னையே கடிக்கிறது.

நவம்பர் 13

அந்தக் கட்டம் மூன்று விரல் அகலம்தான் இருக்கும். தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். ‘அலுவலகப் பணி மிகுதியால்.’ அக்டோபர் 31இல் வலை காயப்போட்டிருக்கிறேன் என்று இதே பதிவேடு சொல்கிறது. ‘படிவம் வேறு கோப்பில் கலந்துவிட்டதால்.’ என் கோப்பில் எதுவும் கலக்காது, அது கல்லூரிக்கே தெரியும். ‘விதி விளக்கம் வேண்டி.’ யாரிடம் வேண்டினேன்? ஒருவரிடமும் கேட்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. இதை எழுதுவதற்கும் வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 14

எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘படிவம் அக்டோபர் 7 முதல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் கையெழுத்திடாமல் வைத்திருந்தேன்.’ முதல்வர் படித்தார், மறுபடி படித்தார். “மெமோ குடுக்காம இருக்க முடியாது” என்றார். கொடுங்கள் என்றேன். பெனிட்டா வெளியே நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. அவளை எனக்கு இப்போதும் பிடிக்காது.

நவம்பர் 19

உலகம்மாளுக்கு 76.2 என்று திருத்தி ஒட்டியிருக்கிறார்கள்.

நுழைவுச் சீட்டு வாங்க ஒவ்வொரு துறையிலும் ‘நோ டியூ’ கையெழுத்து வேண்டும். மதியம் தாளை நீட்டிக்கொண்டு வந்தாள். விளையாட்டுத் துறைக்கு அவள் தர வேண்டிய பொருள் எதுவும் இல்லை, மட்டை ஜூலையிலேயே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன். நன்றி சொல்வாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“அவங்க வேற டீமோட அடுத்த மேட்ச் ஆடுனத அன்னைக்கு அஞ்சு நிமிசம் நின்னு பாத்தேன் மேடம். பின்வரிசைல நின்ன ரெண்டு பேருக்கும் எடது கைப் பந்து எடுக்கத் தெரியல. வலது கைக்காரிகிட்டயே தடுமாறுனாங்க. நீங்க பத்து நிமிசம் நின்னிருந்தா ஜெயிச்சிருப்போம்.”

நான் தாளின் மை காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் அவள் கையில் இருந்தது.

“நீங்க வேன்ல ஜன்னலோரமாத்தான உக்காந்திருந்தீங்க. நான் கையக் காட்டுனேன்.”

“நான் பார்க்கலை” என்றேன்.

“சரி மேடம்” என்றாள். போய்விட்டாள்.

நவம்பர் 29

அறிக்கை முடிந்தது. கபடிக்கு ஒரு பக்கம். பெனிட்டாவின் பெயரை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன், எழுத வேண்டிய அளவுக்கு அவள் வேலை செய்திருக்கிறாள். உலகம்மாள் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானதும் அதில் உண்டு. கோகோ, கைப்பந்து உட்பட ஆறு விளையாட்டுகளுக்கு வழக்கம்போல் ‘பங்கேற்றனர்’. முதல்வர் மறுபடி கோடு போடட்டும்.

பூப்பந்துக்கு இரண்டு வரி. ‘பங்கேற்கவில்லை. நடுவர் அளிக்க முன்வந்த அவகாசத்தை அணியின் பொறுப்பாளர் மறுத்துவிட்டார்.’ என் சர்வீஸில் ‘பங்கேற்கவில்லை’ என்று எழுதுவது இதுதான் முதல் தடவை.

கொடுக்கப் போகும் முன் இந்தப் பதிவேட்டை முதலிலிருந்து புரட்டினேன். செப்டம்பர் 25இல் ‘யாரோ கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள்’ என்று இருக்கிறது. முழங்காலில் கபடிப் பட்டை, இடது கையில் மட்டை. வேன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

‘யாரோ’ என்பதை ஒரே கோட்டில் அடித்தேன். மேலே ‘உலகம்மாள்’ என்று எழுதி, இன்றைய தேதி போட்டுச் சிற்றொப்பம் இட்டேன்.